இடது பாதத்தில் ஒரு புள்ளி

நான் சொல்லப்போகும் நிகழ்ச்சி தொடங்கிய நாளில் என் நிலை என்னவாக இருந்தது என்பதை முதலில் சொல்லிவிடுவது முறை. தஞ்சாவூரில், உலோகங்களை அளந்து சான்றளிக்கும் ஆய்வுக்கூடத்துக்கு நான் தலைவனாக இருந்தேன். இயற்பியலில் முதுகலையும் புள்ளியியலில் முனைவர் பட்டமும் பெற்றவன். என் கையெழுத்துடன் வெளியேறிய எந்த அறிக்கையும் அதுவரை எந்த நீதிமன்றத்திலும் திருப்பி அனுப்பப்பட்டதில்லை. மருத்துவர்களும் பாசனப் பொறியாளர்களும் தங்கள் அளவுகளைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தார்கள். நான் எவரையும் தேடிப் போனதில்லை. பிற்பாடு பரவிய கதைகளில் நான் ஏதோ கோயில் வாசலில் குறி சொல்கிறவனைப்போல வருகிறேன். அதனால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

கூடத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள் கருவிகளை நன்றாகக் கையாளுகிறீர்கள் என்று கேள்விப்படுகிறேன். அதில் நான் சேர்க்க ஒன்றுமில்லை. கருவி தன் வேலையை முடித்த பிறகு உங்கள் முன் வந்து நிற்கும் ஓர் உருவத்தைப் பற்றியே சொல்ல விரும்புகிறேன். நாங்கள் அதைத் தட்டைப் பரவல் என்போம். ஒரு நிகழ்வோ ஒரு பொருளோ தனக்குக் கிடைத்த இடம் முழுவதும், எங்கும் கூடாமல் எங்கும் குறையாமல் பரவிக் கிடப்பது. வரைந்து பார்த்தால் நடவுக்கு முன் பரம்படித்துத் தண்ணீர் கட்டிய வயலைப்போல மேடு பள்ளமின்றி இருக்கும்.

துறைகள் ஒன்றோடொன்று அதிகம் பேசிக்கொள்வதில்லை. ஆனால் இந்த உருவம் எல்லாத் துறைகளிலும் வந்துபோகிறது. குடுவைக்குள் அடைத்த வாயு இப்படித்தான் பரவுகிறது. உண்மையில் பயன் ஏதுமில்லாத மருந்தைப் பலமுறை சோதித்தால், ஒவ்வொரு முடிவும் தற்செயலாக வர எவ்வளவு வாய்ப்பு என்று கணிக்கும் எண் பூஜ்யம் முதல் ஒன்று வரை இந்த வகையில்தான் சமமாக விழுகிறது. ஒருமுறை பாசனப் பொறியாளர் ஒருவர் வாய்க்கால் தலைப்பில் எடுத்த நீர்மட்ட அளவுகளைக் கொண்டுவந்தார். நேர்மையான அளவுகளில் கடைசி இலக்கம் பூஜ்யம் முதல் ஒன்பது வரை ஏறக்குறைய சமமாக வரவேண்டும். அவர் கொண்டுவந்ததில் பூஜ்யமும் ஐந்தும் குவிந்து கிடந்தன.

“அளவெடுக்கற எங்க ஆளு ரொம்ப நல்லவரு சார்” என்றார்.

“நல்லவராக இருக்கலாம். வாய்க்காலுக்குப் போகவில்லை” என்றேன்.

அங்கே தட்டையாக இருப்பது நேர்மைக்கு அடையாளம். எனவே தட்டை என்றாலே பொய் என்று நீங்கள் எண்ணிவிடக் கூடாது. ஆனால் அதை நம்புவதற்கு முன் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. அதை எனக்குக் காட்டியவர் என் பேராசிரியர். பெயர் வேண்டாம், அவர் விரும்பமாட்டார்.

கல்லூரி மொட்டைமாடியில் விண்கதிர்களை எண்ணும் கருவி ஒன்றை நாங்கள் வைத்திருந்தோம். நேர் உச்சியிலிருந்து கதிர்கள் மிகுதியாகவும், சாய்வாகப் பார்க்கப் பார்க்கக் குறைவாகவும் வரவேண்டும். எங்கள் கருவியோ எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரே எண்ணிக்கையைக் காட்டியது. உலகம் அறியாத ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டோம் என்று மாணவர்கள் பூரித்துப்போனோம். பேராசிரியர் மாடிக்கு ஏறி வந்தார். வானத்தை நோக்கியிருந்த குழாயைக் கருவியோடு இணைக்கும் கம்பியைக் கழற்றினார். கருவி நிற்கவில்லை. கண்ணைப் பிடுங்கிய பிறகும் அதே வேகத்தில் வானத்தை எண்ணிக்கொண்டிருந்தது. அத்தனை நாளும் அது எண்ணியது தன்னைத்தான்.

வெயில் கொளுத்திய அந்த மாடியில் அவர் சொன்னது இன்றும் நினைவிருக்கிறது: “மேடு தெரிஞ்சா, அங்க என்ன இருக்குன்னு பாருங்க. மட்டமா இருந்தா, நீங்க எங்க நிக்கிறீங்கன்னு பாருங்க.”

இனி அந்த அம்மன் விஷயம்.

குத்தாலத்துக்குத் தெற்கே ஒரு சிற்றூர். வயல்களுக்கு நடுவே ஓட்டுக்கூரை போட்ட சிறிய கோயில். அங்கிருந்த அம்மனின் செப்புத் திருமேனி, நான்கு வயதுக் குழந்தையின் உயரம், பல ஆண்டுகளுக்கு முன் களவு போனது. பிறகு அயல்நாட்டில் ஒரு தனியார் சேகரிப்பில் தென்பட்டு, வழக்குக்குப் பின் நாடு திரும்பியது. ஊரார் இது எங்கள் அம்மன் என்றார்கள். அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் விசாரணையில் இன்னொரு செய்தி வெளிப்பட்டது. களவுக்குப் பின், ஒரு தரகர் சுவாமிமலைப் பக்கம் ஒரு பட்டறையில் புகைப்படத்தைக் கொடுத்து, அதே அளவில் ஒரு படி, அதாவது நகல், வார்க்கச் சொல்லியிருக்கிறார். வார்த்த ஸ்தபதி எதையும் மறைக்கவில்லை. கேட்டார்கள், வார்த்துக் கொடுத்தேன், திருட்டு விஷயம் எனக்குத் தெரியாது என்று தாமாகவே வந்து சொன்னார். ஆக, உலகில் இரண்டு அம்மன்கள் இருந்தார்கள். வந்திருப்பவள் ஒருத்தி. எவள் என்று தெரியவில்லை.

சிற்ப இலக்கணம் அறிந்தவர்கள் இரு கட்சியாகப் பிரிந்து நின்றார்கள். உலோகக் கலவையும் உதவவில்லை; பழைய பாத்திரங்களை உருக்கி வார்த்ததால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும் என்று ஸ்தபதியே சொல்லிவிட்டார். மிஞ்சியது மேற்பரப்பு. காலப்போக்கில் செம்பின் மேல் கருமையான மெல்லிய படலம் ஒன்று கட்டுகிறது. தலைமுறை தலைமுறையாகப் பூசையில் இருந்த திருமேனியில் அது ஒரே சீராக இருக்க முடியாது. கை படும் இடங்களில் தேய்ந்தும், கை படாத மடிப்புகளில் தடித்தும் இருக்கும். புதிதாக வார்த்து இரசாயனத்தில் முக்கிப் பழமை ஏற்றிய படியில் தலை முதல் பீடம் வரை ஒரே கனமாக இருக்கும். அந்தப் படலத்தை அளந்து சொல்லும்படி நீதிமன்றம் எங்கள் கூடத்தைப் பணித்தது.

ஊரின் சார்பில் வழக்கில் கையெழுத்திட்டிருந்தவர் திலகம் என்ற பெண்மணி. ஐம்பதைக் கடந்தவர். அவருடைய தகப்பனார் காலம் வரை குடும்பம் பிறர் வயலில் கூலிக்கு நின்றது. இப்போது சொந்த நிலம், மகன் சிங்கப்பூரில். ஒவ்வொரு வாய்தாவுக்கும் முதல் பேருந்து பிடித்து வந்துவிடுவார். ஒருநாள் என் அறைக்கு வந்து, நாற்காலியைக் காட்டியும் உட்காராமல் நின்றார்.

“ஊர்ல பாதிப் பேருக்கு அலுத்துப்போச்சு சார். புதுசா ஒண்ணு வார்த்து வெச்சுக்கலாம், எத்தன வருஷம் கோர்ட்டுக்கு அலையறதுங்கறாங்க. இந்தத் தடவ இல்லன்னு வந்துச்சுன்னா அடுத்த மாசமே வெச்சுடுவாங்க.”

“வைத்தால் என்ன?”

“வேற ஒருத்திய எப்பிடி சார் அம்மான்னு கூப்பிடறது?” என்றார். பிறகு, ஏதோ அதிகமாகப் பேசிவிட்டவரைப்போலப் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, “நீங்க அளக்கறத அளங்க சார். நான் ஒண்ணும் சொல்லல” என்று போய்விட்டார்.

அளக்க வேண்டிய இடங்களை நான் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்தேன். முன்புறம், பின்புறம், முகம், கைகள், பாதங்கள், பீடம் என்று உடல் முழுவதும் புள்ளிகள் விழுந்தன. அளந்தவர் மாதவன். உங்களுக்கு இப்போது மேலதிகாரியாக இருக்கும் அதே மாதவன்தான். அப்போது இளைஞர், நீடாமங்கலத்துக்காரர், வேலையில் சுத்தம். அளவுகள் வந்தன. வரைந்து பார்த்தேன்.

தட்டை.

தலை முதல் பீடம் வரை ஒரு மேடில்லை, ஒரு பள்ளமில்லை. கருவிக்கே உரிய சிறு நடுக்கத்தைத் தவிர வேறொன்றும் இல்லை. திரையில் அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தொழிலில் இத்தனை காலம் கழித்தவனுக்குச் சொல்லத் தயக்கமாக இருந்தாலும் சொல்கிறேன்: அந்தக் கோடு எனக்குப் பிடிக்கவில்லை. புதுப் படியாக இருந்தாலும் எங்கோ ஒரு மூலையில் ஒரு பிசிறு இருக்கும். இது பேசாமல் இருப்பவர்களுடைய மௌனம்போல இல்லை. பேசக் கூடாது என்று முடிவுசெய்துவிட்டவர்களுடைய மௌனம்போல இருந்தது. ஆயினும் பிடிக்கவில்லை என்பது ஓர் அளவு அல்ல. ‘பிற்காலப் படி’ என்று அறிக்கையை எழுதினேன். கையெழுத்திடவில்லை. காப்பறைக்கு நேரில் போய்ப் பார்த்துவிட்டு இடுவதாகச் சொன்னேன்.

மீட்கப்பட்ட திருமேனிகளை வைத்திருக்கும் அந்தக் காப்பறையை உங்களில் சிலர் பார்த்திருக்கலாம். ஜன்னல்களை உள்ளிருந்து அடைத்த நீண்ட கூடம். இருபுறமும் இரும்புத் தட்டுகளில் வரிசை வரிசையாகத் தெய்வங்கள். மணிக்கட்டில் நூல் கட்டி அட்டை எண் தொங்கும். விளக்கில்லை, பூவில்லை, நைவேத்தியம் இல்லை. ஆனால் கதவைத் திறந்ததும் ஈரச் சந்தனத்தின் வாசம் இலேசாக வரும். இடவசதிக்காக எல்லாரையும் கதவைப் பார்த்தபடி நிறுத்தியிருக்கிறார்கள். உள்ளே நுழைகிறவனுக்கு, தொடங்கிவிட்ட ஒரு சபைக்குள் தாமதமாக வந்துவிட்டதுபோல இருக்கும்.

காவல் ஆய்வாளர் வாசலில் நின்றார். வழக்கைத் தொடக்கத்திலிருந்து நடத்தியவர், களைத்திருந்தார்.

“வாங்க சார். எல்லாரும் உங்களுக்காகத்தான் நின்னுக்கிட்டிருக்காங்க” என்று கூடத்தைக் காட்டினார். “இங்க டியூட்டி பாக்கறதுல ஒரு வசதி. இத்தன பேரு உள்ள இருந்தும் ஒருத்தரும் கம்ப்ளெய்ண்ட் குடுக்கறதில்ல.”

“யாருமே கொடுப்பதில்லையா?”

அவர் சிரிப்பு சற்றுக் குறைந்தது. “கான்ஸ்டபிளுங்கதான் குடுக்கறாங்க. பாத்துக்கிட்டே இருக்குற மாதிரி இருக்காம்.” பிறகு கடிகாரத்தைப் பார்த்தார். “சார், நாளைக்குக் காலைல ஹியரிங். சாயந்தரத்துக்குள்ள உங்க கையெழுத்து கெடைச்சாகணும். இதுக்கு மேல வாய்தா கேட்டா ஜட்ஜ் என்னத் தூக்கி உள்ள போட்டுடுவாரு.”

திலகம் வெளி வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். உள்ளே வர அவருக்கு அனுமதி இல்லை. என்னைக் கண்டதும் எழுந்தார்.

அம்மன் கூடத்தின் நடுவில் தனி மேசை மேல் நின்றாள். மூக்கும் உதடும் கூர்மை மழுங்கிய, அமைதியான முகம். மேசை அருகே மாதவன் கருவியைத் தயாராக வைத்திருந்தார். நான் படலத்தின் நிறத்தைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தபோது ஆய்வாளர் கேட்டார்:

“ஒரு சந்தேகம் சார். களவாண்டவன் கழுவித் தொடைச்சிருந்தா? அந்தப் படலம் போயிருக்காதா?”

“ஒருமுறை தொடுவதாலும் துடைப்பதாலும் அது போகாது. ஒரே இடத்தில் ஆண்டுக்கணக்கில், நாள்தோறும் விரல் பட்டால்தான் கருவி உணரும் அளவுக்குத் தேயும்” என்றேன்.

இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வண்டியிலிருந்து மின்கலம் ஒன்றை எடுத்துவரும்படி மாதவனிடம் சொன்னேன். அவர் “சரிங்க சார்” என்றார். அம்மனுக்கு முன்னால் நின்றிருந்தவர், திரும்பாமல், முகம் அவளைப் பார்த்தபடியே பின்னுக்கு நான்கைந்து அடி எடுத்துவைத்தார். பிறகுதான் கதவுப் பக்கம் திரும்பினார். காலில் செருப்பில்லை. தாம் அப்படி நடந்தது அவருக்கே தெரிந்திருக்காது. நம் பக்கத்தில் சன்னதியிலிருந்து வெளியே வருகிற எல்லாரும் அப்படித்தான் வருவார்கள். நானும் அப்படித்தான் வருவேன்.

அந்த நான்கைந்து அடியில் எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது என்று சொன்னால் அது மிகை. ஒரு கேள்வி மட்டும் எழுந்தது. அவளுக்கு முதுகைக் காட்டி நடக்க மனம் வராத ஒருவர், அவள் முகத்தில் கருவியை எப்படி வைத்திருப்பார்?

அந்தக் கருவியை நீங்கள் அறிவீர்கள். கைத்துப்பாக்கி போன்ற வடிவம். முனையை உலோகத்தின் மேல் அழுத்தி விசையை இழுக்க வேண்டும்.

மாதவன் திரும்பி வந்ததும் கேட்டேன். “நான் கொடுத்த இடங்களில்தானே அளந்தீர்கள்?”

“ஆமா சார்.”

“எல்லாமே?”

“ஒண்ணு ரெண்டு கொஞ்சம் தள்ளி எடுத்தேன் சார்.”

“எவ்வளவு தள்ளி?”

“கொஞ்சந்தான் சார்” என்றார். அவர் கண்கள் மேசைக்குப் போகவில்லை.

கருவி ஒவ்வோர் அளவின்போதும் முனைக்கு நேரே உள்ள இடத்தைச் சிறிய படமாகப் பிடித்து வைத்துக்கொள்ளும். எவரும் அவற்றைத் திறந்து பார்ப்பதில்லை. திறந்தேன். பின்தலைக் கொண்டை. தோளின் பின்புறம். முதுகு. மீண்டும் முதுகு. பீடத்தின் பக்கவாட்டு. இடுப்பின் பின்புறம். மீண்டும் கொண்டை. ஆய்வாளர் என் தோளுக்குப் பின்னால் குனிந்து பார்த்தார். படத்துக்குப் படம் அவள் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டே இருந்தாள். முகம் இல்லை. மார்பு இல்லை. பாதம் இல்லை. நான் குலுக்கலில் போட்ட புள்ளிகள் எல்லாம், எவரோ விலகச் சொன்னதுபோல, அவளைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போய் நின்றிருந்தன.

“என்ன மாதவன் இது?”

“அம்மா நெத்தியில துப்பாக்கிய வெக்கிற மாதிரி இருந்துச்சு சார். கை வரல. ஒரே செம்புதானே, எங்க அளந்தா என்னன்னு...”

“கால்?”

“கால்ல வெக்கறதும் அப்பிடித்தான சார்.”

நான் கோபப்படவில்லை. கோபப்பட்டதாக அவர் சொன்னால் அது சரியல்ல. இந்தத் தவற்றை வெளிநாட்டு விஞ்ஞானி எவரும் செய்திருக்க மாட்டார். நம்மில் எவரை அனுப்பியிருந்தாலும், அவர் எவ்வளவு படித்திருந்தாலும், இதே தவற்றை இதே திசையில்தான் செய்திருப்பார். இதுதான் இதிலுள்ள ஆபத்து. கவனக்குறைவால் வரும் பிழை நாலா பக்கமும் சிதறும், சிதறுவதைக் கண்டுபிடித்துவிடலாம். மரியாதையால் வரும் பிழை சிதறாது. அது எல்லாருடைய கையையும் ஒரே பக்கம் தள்ளும். கை படாத முதுகை மட்டும் அளந்தால் எந்தத் தெய்வமும் தட்டையாகத்தான் வரும். மாடியில் கண்ணைப் பிடுங்கிய கருவி மாதிரி நாங்கள் அவளைப் பார்க்காமலேயே அவளை எண்ணியிருந்தோம்.

ஆய்வாளர் நிமிர்ந்தார். “அப்ப அறிக்கை?”

“கிடையாது. மறுபடி அளக்க வேண்டும்.”

“நேரமில்ல சார்.”

“முழுவதும் வேண்டாம். பாதங்கள் போதும்.”

மாதவனைப் பார்த்தேன். அவர் கருவியை எடுத்து என்னிடம் நீட்டினார். “நீங்களே எடுத்துடுங்க சார். என்னால ஆகாது. மெமோ குடுத்தாலும் பரவால்ல.”

வாங்கிக்கொண்டேன். என் நம்பிக்கைகள் என்ன என்பது இங்கே பொருளல்ல. மேசை உயரமானதுதான், ஆனால் பாதங்களின் மேற்புறத்தில் முனை நேராகப் பொருந்த வேண்டுமானால், அளப்பவர் தரையில் மண்டியிட்டுக் கண்ணைப் பீடத்தின் மட்டத்துக்குக் கொண்டுவர வேண்டும். அப்படியே செய்தேன். அந்த நிலையில் மேலே பார்க்க முடியாது. பார்க்கவுமில்லை.

முதலில் வலது பாதம். விசையை இழுத்ததும் கருவி மெல்ல இரைந்து நின்றது. திரையில் வந்த எண்ணை மாதவன் வாசித்தார். முதுகில் இருந்த படலத்தின் பாதிகூட இல்லை. விரல்நுனிகளை நோக்கி நகர்த்த நகர்த்த இன்னும் குறைந்தது. தட்டைக் கோட்டில் வாய்க்கால் வெட்டியதுபோல ஒரு பள்ளம் விழுந்துகொண்டே போயிற்று. கூடத்தில் எவரும் அசையவில்லை. எனக்குப் பின்னால் நின்ற வரிசைகளும் காதைத் தீட்டிக்கொண்டிருப்பதுபோல ஓர் உணர்வு. இருட்டறையில் மண்டியிட்டிருக்கும் எவருக்கும் அது வரும்.

பிறகு இடது பாதம். தட்டை. முதுகைப்போலவே, பீடத்தைப்போலவே. நரம்பு வடித்த மேற்பரப்பு முழுவதும் படலம் கலையாமல் இருந்தது. கடைசியாகப் பெருவிரலின் மேல் முனையை வைத்தேன். மாதவன் வாசிக்கத் தாமதித்தார்.

“சொல்லுங்கள்.”

சொன்னார். குறைவாக இருந்தது. வலது பாதத்தின் அளவுக்குக் குறைவில்லை. ஆனால் மற்றவற்றோடு சேரவில்லை. முனையை எடுத்துவிட்டு அதே இடத்தில் மறுபடி வைத்தேன். அதே எண். மயிரிழை தள்ளி வைத்தேன், தட்டை. ஒரு கட்டைவிரல் நுனி மூடும் அளவு இடம். அவ்வளவுதான்.

எழுந்து, முழங்கால் தூசியைத் தட்டிவிட்டு, ஆய்வாளரோடு வராந்தாவுக்குப் போனேன். அளவுகளைப் பற்றி ஒன்றும் சொல்லக் கூடாது என்று ஆய்வாளரிடம் முன்பே சொல்லியிருந்தேன். சாட்சியைக் கேட்கும்போது விடையைக் கேள்விக்குள் ஒளித்து வைக்கக் கூடாது. இதை எங்காவது எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

“பூசை முடிந்ததும் உங்கள் ஊரில் என்ன செய்வார்கள்?” என்று திலகத்தைக் கேட்டேன்.

“தீவாரண காட்டி துண்ணூறு குடுப்பாங்க. என்ன சார், எல்லாக் கோயில்லயும் பண்றதுதான்.”

“உங்கள் கோயிலில் மட்டும் செய்வது ஏதாவது?”

யோசித்தார். “சந்தனம் குடுப்பாங்க. தட்டுலேர்ந்து இல்ல. அம்மாவோட பாதத்துல சாத்துன சந்தனத்தப் பூசாரி வெரலால வழிச்சு நம்ம கையில வெப்பாரு. அவங்க பாட்டன் பூட்டன் காலத்துலேர்ந்து அப்பிடித்தான்.”

“இரண்டு பாதத்திலுமா?”

“அய்யய்யோ, இல்ல சார். சோத்தாங்கால் மட்டுந்தான். பீச்சாங்கால யாரும் தொடக் கூடாது. பூசாரியே தொட மாட்டாரு. அபிஷேகத் தண்ணி படலாம், கை படக் கூடாது.”

“ஏன்?”

“அது அவ கெளம்பற காலு சார். அதத் தொட்டா ‘எழுந்து போ’ன்னு சொல்ற மாதிரி. தொட்டுக் கேட்டா போயிடுவான்னு சொல்வாங்க. திருட்டுப் போனப்ப ஊரே அதத்தான் பேசிச்சு. எவனோ பீச்சாங்காலத் தொட்டுட்டான்னு. எவன் தொட முடியும்? கருவறைக்குள்ள பூசாரி ஒருத்தர்தான் போவாரு. அவருக்குப் புள்ளகுட்டியும் இல்ல, ஒத்தாசைக்கும் ஆளில்ல. அன்னிக்கு ஊர்ல அழாத ஆளு அவரு ஒருத்தர்தான் சார். கல்லு மாதிரி உக்காந்திருந்தாரு. அந்த வருஷமே செத்தும் போயிட்டாரு.”

வராந்தாவுக்கு வெளியே பால் பிடித்த சம்பாப் பயிர் வெயிலில் அசையாமல் நின்றது. ஒரு காற்றும் இல்லை.

திலகம் என் முகத்தைப் பார்த்தார். “எங்க அம்மாதானா சார்?”

“உங்கள் அம்மன்தான்.”

அவர் அழவில்லை. பெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். தரையைப் பார்த்தபடியே கேட்டார்: “பீச்சாங்கால்ல ஒண்ணும் இல்லல்ல சார்?”

நீங்கள் உங்கள் பணிக்காலத்தில் இப்படி ஒரு கேள்வியை ஒருமுறையாவது சந்திப்பீர்கள். கேட்பவருக்கு விடை தேவையா, உங்களிடம் இருப்பது விடைதானா என்ற இரண்டையும் ஒரே மூச்சில் முடிவுசெய்ய வேண்டியிருக்கும். “அவளை அடையாளம் சொல்ல வலது பாதம் போதும் அம்மா” என்றேன். அவர் மேலும் கேட்கவில்லை. ஆய்வாளர் வேறு பக்கம் திரும்பி நின்றார்.

பழைய அறிக்கையைக் கிழித்தேன். புதிதாக எழுதினேன். எந்த இடங்கள் அளக்கப்பட்டன, எவை விலக்கப்பட்டன, ஏன் விலக்கப்பட்டன என்பதை முதல் பக்கத்திலேயே வைத்தேன். மாதவனின் பெயரைக் குறிப்பிடாமல் ‘அளவீட்டாளரின் தயக்கம்’ என்று எழுதினேன். முகத்துக்கு நேரே ‘அளக்கப்படவில்லை’ என்று இருக்கிறது. பாதம் சொன்ன பிறகு முகத்தைத் தொட வேண்டிய அறிவியல் தேவை இல்லை. இடது பாதத்தின் எல்லா அளவுகளும், சேராத அந்த ஒன்று உட்பட, பின்னிணைப்பில் உள்ளபடியே உள்ளன. விளக்கம் எழுதவில்லை. அறிக்கை ஏற்கப்பட்டது. அடுத்த ஆடியில் அவள் ஊருக்குப் போனாள். அழைப்பு வந்தது, நான் போகவில்லை. இப்போது அங்கே சந்தனம் தட்டிலிருந்து கொடுக்கப்படுகிறதாம். இரண்டு கால்களையும் எவரும் தொடுவதில்லை என்று கேள்வி.

இனி, நீங்கள் கேட்டிருக்கக்கூடிய சிலவற்றைத் திருத்த வேண்டும். கருவி அவள் முன்னால் தானாக அணைந்தது என்று மாதவன் உங்களிடம் சொல்லியிருந்தால், அது நடக்கவில்லை. மின்கலத்தை மாற்றச் சொன்னவன் நான். நான் அவள் காலில் விழுந்தேன் என்று ஆய்வாளர் ஒரு கூட்டத்தில் பேசியதாக அறிகிறேன். பாதத்தை அளக்க மண்டியிட வேண்டும். வேறு வழி இல்லை.

இடது பாதத்தில் திருடனுடைய விரல் பதிந்திருந்ததை நான் கண்டுபிடித்துச் சொன்னேன் என்று அந்த ஊரில் இன்றும் சொல்கிறார்கள். நான் சொல்லவில்லை. ஒரு புள்ளி சேரவில்லை. ஒரு புள்ளியைக் கொண்டு எதையும் நிறுவ முடியாது. அன்றியும், அது திருடனாக இருக்க இயலாது. திருடன் கருவறைக்குள் போனதும் தொட்டதும் ஒருமுறை. ஒருமுறை தொட்டு அந்தப் படலம் தேயாது.